ஆயில் கூடுகிற வண்டி

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? படகு எஞ்சினுக்குள் தலையை விட்டுக் குனிந்தே கிடக்காதே. போனில் கேட்கலாம் என்றால், பட்டறைச் சத்தத்தில் உன் காது பாதி போய்விட்டது. நான் கத்தினால் தெருவே எட்டிப் பார்க்கிறது. அதனால் கடிதம்தான்.

விஷயம் இதுதான். நம் வேன் குண்டன் புகைப் பரிசோதனையில் தோற்றுவிட்டான். சைலன்சரில் ஒரு குழாயைச் செருகி, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார்கள். மிதித்தேன். குழாயைப் பிடித்திருந்தவர், “போதும்மா, விடுங்க. மெஷினுக்கே மூச்சு முட்டுது” என்றார். அங்கே நின்ற எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். வேனுக்குள் ஏறின பிறகு அழுகைதான் வந்தது.

சலவைக்கூடத்து முதலாளி நல்ல மனுஷர்தான். ஆனாலும் கறாராகச் சொல்லிவிட்டார்: “ஜூன் கடைசிக்குள்ள சர்டிபிகேட் வரலைன்னா லோடை வேற வண்டிக்குத்தான் குடுக்கணும். என்னைத் தப்பா நினைக்காதேம்மா.” லாட்ஜுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெளுத்த துணி மூட்டை கொண்டுபோகிற இந்த வேலை போனால் எனக்கு வேறு கதி இல்லை. அது உனக்கே தெரியும்.

ஒரு அரசாங்கத் திட்டம் இருக்கிறதாம். வருமானம் குறைந்தவர்களின் வண்டி புகை கக்கினால், அவர்கள் சொல்லும் பட்டறையில் ஒரு தடவை இலவசமாகச் சரி செய்து கொடுப்பார்கள். அப்புறமும் புகை கக்கினால் வண்டியை வாங்கி நசுக்கிவிட்டு, பேட்டரி வண்டி வாங்கப் பணம் தருவார்கள். அந்தப் பணத்துக்கு வருகிற வண்டி குண்டனில் பாதிதான் இருக்கும். எனக்குக் குண்டன்தான் வேண்டும். பட்டறையில் விடுவதற்கு முன் அவனுக்கு என்ன நோய் என்று நீ சொல்லேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கச்சி

*

பிப்ரவரி 14

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

‘எல்லோரும் சுகம்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் நீ ஒருத்திதான். குண்டனையும் சேர்த்துக்கொண்டாயோ என்னவோ. அப்படியானால் அவன் சுகமாக இல்லை.

நோயாளியைப் பார்க்காமல் வைத்தியம் சொல்லச் சொல்கிறாய். பரவாயில்லை, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுது. புகை என்ன நிறம்? கறுப்பு என்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது ஒரு துணியைச் சைலன்சர் வாயில் பிடித்து எனக்கு அனுப்பு. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்து அளவு எழுது.

இன்னொன்று. உன் மகளைப் பற்றி எனக்கு எழுதாதே என்று மூன்று வருஷத்துக்கு முன் சொன்னேன். நீயும் இதுவரை எழுதவில்லை. அது அப்படியே இருக்கட்டும். நாம் வண்டியைப் பற்றிப் பேசுவோம்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு, வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாதே.

புகை கறுப்புதான். லாட்ஜில் கிழிந்துபோனதென்று கழித்துவிட்ட தலையணை உறையில் ஒரு துண்டு கிழித்து, சைலன்சரில் பிடித்து இதோடு வைத்திருக்கிறேன். வெளுப்புக்காரி கையால் துணியைக் கறுப்பாக்க வைத்த பாவம் உன்னோடு போகட்டும்.

ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. ஆயில் குறையவே இல்லை, கூடியிருக்கிறது. டிசம்பரில் மாற்றும்போது ஸ்டிக்கில் மேல் கோட்டில் நிற்க ஊற்றினேன். இப்போது கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை ஏறியிருக்கிறது. நான் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. துடைத்துத் துடைத்து மூன்று தரம் பார்த்தேன். ஆயில் தானாகப் பெருகுகிற வண்டி என்று ஊரில் சொன்னால் கூட்டம் கூடிவிடும். இதை வைத்தே பிழைத்துக்கொள்ளலாமா?

இங்கே குளிர் விட்டுவிட்டது. வேறு ஒன்றும் விசேஷம் இல்லை.

உன் தங்கச்சி

*

மார்ச் 8

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். வேலையே நின்றுபோயிற்று. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். முதலாளி வந்து, “என்னப்பா, யாருக்காவது கல்யாணமா?” என்று கேட்டார். ஆயில் கூடியிருக்கிறது என்றதும் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

எந்த வண்டியிலும் ஆயில் தானாகக் கூடாது. அதோடு வேறு ஏதோ கலக்கிறது. தண்ணீராக இருந்தால் ஆயில் மோர் போல வெளுத்துவிடும். உன் துணியில் இருப்பது ஈரக் கறுப்பு, முகர்ந்தால் டீசல் வாடை. ஆக, எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலோடு சேர்கிறது. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒழுகலாம். திட்டத்துப் பட்டறையில் முதலில் அதைப் பார்க்கச் சொல். ஆயிலையும் மாற்றச் சொல். டீசல் கலந்த ஆயில் நீர்த்துவிடும். நீர்த்த ஆயிலில் ஓடினால் உள்ளே இருக்கிற பேரிங் தேய்ந்து எஞ்சின் செத்துப்போகும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வண்டியை நிறுத்தி வைத்து, எஞ்சினை மட்டும் நெடுநேரம் ஓடவிட்டாலும் இப்படி ஆகும். எஞ்சின் சூடேறாது, டீசல் பாதி எரிந்தும் எரியாமலும் கரியாகும். ஆனால் நீ டீசல் விஷயத்தில் மகா கஞ்சம், சிக்னலிலேயே அணைக்கிறவள். இருந்தாலும் கேட்கிறேன். எங்கேயாவது நிறுத்தி ஓடவிடுகிறாயா?

உன் அண்ணன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உடனே எழுத முடியவில்லை. வேலை அதிகம்.

திட்டத்துப் பட்டறையில் குண்டனை ஒரு வாரம் வைத்திருந்து கொடுத்தார்கள். இன்ஜெக்டர் நாலும் புதுசு. ஏர் ஃபில்டர் புதுசு. ஆயிலும் மாற்றியாகிவிட்டது. எனக்கு ஒரு காசு செலவில்லை. கையெழுத்துப் போடும்போது கூச்சமாக இருந்தது. திட்ட அலுவலகத்து அம்மா அதைக் கவனித்துவிட்டு, “இது உங்களுக்குக் குடுக்கிற தர்மம் இல்லம்மா. உங்க வண்டிக்குப் பின்னால வர்றவங்க எல்லாரும் சேர்ந்து குடுக்கிறதுன்னு வச்சுக்குங்க” என்றார். அவருக்கும் இருமல் இருக்கிறது, பாவம்.

பரிசோதனையில் தேறிவிட்டான். ஆனால் இது தாற்காலிகச் சீட்டுதான். மே மாதம் மறுபடி காட்ட வேண்டும், அப்போதும் தேறினால்தான் நிரந்தரமாகக் கொடுப்பார்கள். என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. நீ தூரத்தில் இருந்தே சொன்னது அச்சு அசலாகச் சரி.

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே எல்லாம் நல்லபடி.

உன் தங்கச்சி

*

ஏப்ரல் 11

அன்புத் தங்கச்சிக்கு,

தேறியது சந்தோஷம். ஒத்தடம் கொடுக்கிறேன்.

நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதிலைக் காணோம். மறந்துவிட்டாயா, இல்லை மழுப்புகிறாயா என்று தெரியவில்லை. மறுபடி காட்டப் போவதற்கு முன் ஸ்டிக்கைப் பார். சைலன்சரில் மறுபடி துணி பிடித்து அனுப்பு. இப்போதிலிருந்து கிலோமீட்டர் எவ்வளவு ஓடுகிறது, டீசல் எவ்வளவு போடுகிறாய் என்றும் குறித்துக்கொள்.

எனக்கு என்னவோ இந்தக் குண்டன் முழுசாக வாய் திறக்கவில்லை என்று தோன்றுகிறது. ராத்திரி படுத்தாலும் அதே யோசனைதான். பல்லில் சிக்கின நார் போல உறுத்துகிறது.

உன் அண்ணன்

*

மே 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

குண்டன் மறுபடி தோற்றுவிட்டான்.

ஆயில் மறுபடி கூடியிருக்கிறது. புகை முன்னைவிடக் கறுப்பு. திட்ட அலுவலகத்து அம்மா தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: “இலவச ரிப்பேர் ஒரு தடவைதாம்மா. இனிமே சொந்தச் செலவுல சரி பண்ணித் தேறணும், இல்லன்னா வண்டியைக் குடுத்துட்டுப் புதுசுக்கு மாறணும். ஜூன் கடைசிக்குள்ள முடிவு சொல்லிடுங்க.” சொந்தச் செலவுக்கு நான் எங்கே போக?

கிலோமீட்டரும் டீசலும் நீ சொன்னபடி தனித்தாளில் எழுதியிருக்கிறேன். துணியும் வைத்திருக்கிறேன். அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் பிடித்தேன். நீ என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உன் தங்கச்சி

*

மே 20

அன்புத் தங்கச்சிக்கு,

தைரியமாக இரு. சாப்பிடாமல் கிடக்காதே.

உன் கணக்கைப் பார்த்தேன். ஓடின தூரத்துக்கு ஆக வேண்டிய டீசல் போல இரண்டு பங்கு போட்டிருக்கிறாய். டேங்க் ஒழுகவில்லை, ஒழுகினால் சொல்லியிருப்பாய். திருட்டும் போகவில்லை, போனால் ஊரைக் கூட்டியிருப்பாய். அப்படியானால் குண்டன் நகராமல் நின்றபடி தினமும் மணிக்கணக்காக ஓடுகிறான். இன்ஜெக்டர் பேரில் குற்றமே இல்லை. புது இன்ஜெக்டர் போட்டாலும், எதைப் போட்டாலும், இப்படி ஓட்டினால் கரிதான் கக்கும்.

சிக்னலில் எஞ்சினை அணைக்கிற என் தங்கச்சி எதற்காக இப்படி டீசலை ஊற்றுகிறாள் என்று நாலு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். குளிரா என்றால், குளிர் விட்டதென்று நீயே எழுதினாய். பேட்டரி இறங்குகிறதா என்றால், பட்டறையில் பார்த்திருப்பார்கள்.

அப்புறம்தான் இந்தத் தடவை நீ அனுப்பின துணியைச் சரியாகப் பார்த்தேன். இது தலையணை உறை இல்லை. அது மொடமொடவென்று இருக்கும். இது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி, முக்கோணமாக மடித்துத் தைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் நாடா. யாரும் இல்லாத நேரத்தில் அந்த நாடாவை என் புஜத்தில் கட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தளர்வாக நின்றது.

வண்டி யாருக்காக நின்றபடி ஓடுகிறது?

உன் அண்ணன்

*

மே 29

அண்ணா,

யாருக்காக என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் வாயால் வர வேண்டும் என்று கேட்கிறாய். சரி, வருகிறது.

என் மகள் வந்திருக்கிறாள். டிசம்பரில் கைக்குழந்தையோடு வந்தாள். மாப்பிள்ளை வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அவர் வேறு ஊரில் வேலை தேடிப் போயிருக்கிறார், வாரம் தவறாமல் பேசுகிறார். குழந்தை பகலில் தூங்குவதே இல்லை. தோளில் போட்டு நடந்தோம், ஆட்டினோம், பாடினோம். ஒன்றுக்கும் மசியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு நாள் வேனில் வைத்து ஸ்டார்ட் செய்தேன். அந்த அதிர்வில் ஒரு நிமிஷத்தில் கண் சொக்கிவிட்டது. அணைத்தால் விழித்துக்கொள்கிறது. மத்தியான லோடு முடிந்து வந்ததும் வாசலில் நிறுத்தி ஓடவிடுவேன். அவளும் பக்கத்திலேயே சாய்ந்து கொஞ்சம் தூங்குவாள். என் மகள் தூங்குகிற முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எவ்வளவு டீசலும் ஊற்றலாம் என்றுதான் அப்போது தோன்றிற்று.

மார்ச் மாதம் நீ கேட்டபோதே சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்ல? அவளைப் பற்றி எழுதாதே என்று அதற்கு முந்தின கடிதத்தில்தானே அடித்து எழுதியிருந்தாய்? என் வீட்டில், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை இல்லாதவள் மாதிரி ஒதுக்கிவிட்டு உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் ‘எல்லோரும் சுகம்’ என்று எழுதும்போது அவளையும் சேர்த்துத்தான் எழுதினேன். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது, அண்ணா. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்கிறேன்.

தங்கச்சி

*

ஜூன் 10

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

நான்தான் எழுதுகிறேன். அம்மாவின் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. அம்மா தினமும் தபால்காரர் போகும்வரை வாசலில் நிற்கிறார். நாள் குறைவாக இருப்பதால் வண்டி விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். நீங்கள் பதில் சொன்னால் போதும்.

அம்மாவின் கடிதம் போன மறுநாளிலிருந்து நிறுத்தி ஓட்டுவதை விட்டுவிட்டோம். நானே ஆயிலை இறக்கினேன். தண்ணீர் மாதிரி ஓடியது, ஒரே டீசல் வாடை. வெயிலில் தட்டைச் சாய்த்துப் பார்த்தபோது அடியில் வெள்ளித் தூள் மாதிரி மினுமினுத்தது. விரலில் தேய்த்தால் உறுத்துகிறது. புது ஆயில் ஊற்றியும், எஞ்சின் சூடேறினால் ஆயில் விளக்கு விட்டு விட்டு எரிகிறது. மேட்டில் ஏறும்போது அடியில் ‘டக் டக்’ என்று தட்டுகிறது. பேரிங் போய்விட்டது என்று நினைக்கிறேன். செலவு செய்து பார்க்கலாமா, கொடுத்துவிடலாமா? அம்மா நான் சொன்னால் நம்ப மாட்டார், நீங்கள் சொன்னால்தான் நம்புவார்.

திட்ட அலுவலகத்து அம்மா பேட்டரி வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். நன்றாக இழுக்கிறது. மூட்டை பாதிதான் பிடிக்கும், ஒரு நடைக்கு இரண்டு நடை போக வேண்டும். சத்தமே இல்லை. அதனால் போய் வரும்வரை குழந்தை ஊரைக் கூட்டிவிட்டது. அம்மா ஓட்டிக்கொண்டே வாயால் டுர்ரென்று எஞ்சின் சத்தம் போட்டுப் பார்த்தார். சிக்னலில் நின்ற போலீஸ்காரர், “உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயில் கூடியிருக்கிறது என்று அம்மா முதலில் அதிசயப்பட்டபோதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பாலிடெக்னிக்கில் படித்ததுதான். சொன்னால் அம்மா உங்களுக்கு எழுதுவார், நான் இங்கே இருப்பது தெரிந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குக் குண்டனைப் பலி கொடுத்துவிட்டேன். எனக்காக உங்கள் முதலாளியிடம் கெஞ்சி நீங்கள் வேலை வாங்கி வைத்ததும், நான் ஒரு வார்த்தை சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனதும் வேறு கதை. அதை எழுத முடியாது மாமா. எழுதினால் சாக்குப்போக்கு மாதிரி ஆகிவிடும். நேரில் வந்து நின்று திட்டு வாங்கத் தயாராக இருக்கிறேன்.

முழங்கால் பரவாயில்லையா?

உங்கள் மருமகள்

*

ஜூன் 17

வாயாடிக்கு,

மருமகள் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உன்னை நான் என்றைக்கு மருமகள் என்று கூப்பிட்டேன்? வாயாடி என்றுதானே கூப்பிடுவேன். முழங்கால் பரவாயில்லை.

முதலில் வண்டி. நீ சொன்னது சரி. ஆயிலில் மினுமினுத்தது பேரிங்கின் உலோகம். இனி அந்த எஞ்சினுக்குச் செலவு செய்வது செத்தவனுக்கு ஊசி போடுவது மாதிரி. கொடுத்துவிடுங்கள். சின்ன வண்டி என்று உன் அம்மா முனகுவாள். இரண்டு நடை என்றால் ஒன்றை அவள் ஓட்டட்டும், ஒன்றை நீ ஓட்டு. நான் சொன்னதாகச் சொல். தட்டைச் சாய்த்து வெயிலில் பார்க்க உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பட்டறையில் இருக்கிறவர்களுக்கே அது தோன்றாது.

பதில் போடாததற்குக் காரணம் வீம்பு இல்லை. உன் அம்மா என்மேல் கோபம் என்று எழுதின கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட வரவில்லை. நீ வேலைக்கு வராததில் எனக்கு வருத்தம் இருந்தது நிஜம். முதலாளி முன்னால் தலைகுனிந்து நின்றேன். ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம், என்னிடம் சொல்ல உனக்குப் பயமாக இருந்திருக்கிறதே என்பதுதான். அந்தப் பயத்தை நான்தான் உண்டாக்கினேன். பிறகு அதே பயத்தை உன் அம்மாவுக்கும் கொடுத்தேன். மார்ச்சிலேயே அவளால் ஒரு வரி எழுத முடிந்திருந்தால் குண்டன் பிழைத்திருப்பான்.

நேற்று முதலாளியிடம் ஒரு வாரம் லீவு கேட்டேன். இங்கே வந்ததிலிருந்து நான் லீவு கேட்டதில்லை, அவர் பயந்துவிட்டார். “என்னப்பா, யாருக்காவது முடியலையா?” என்றார். என் தங்கச்சி மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போகிறேன் என்றேன். “எவ்வளவு நல்ல சேதி. என்ன குழந்தை?” என்றார்.

எனக்குத் தெரியவில்லை. உன் அம்மாவும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. ஆயில் ஏன் கூடுகிறது என்று மூன்று கடிதத்தில் துருவித் துருவிக் கேட்டவன், இதை ஒரு தடவை கேட்கவில்லை. பட்டறையில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் என்று சொல்லிவிட்டேன்.

ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முதலாளி இனிப்பு வாங்கிவரச் சொன்னார். எல்லோரும் சாப்பிட்டார்கள், என் பங்கை மட்டும் தாளில் மடித்து வைத்துக்கொண்டேன்.

இருபத்தைந்தாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். அதற்கு முன் நான் சொன்னது சரியா என்று உடனே எழுது. பெயரையும் எழுது.

மாமா